கிடக்கட்டும் என்று விட்ட டொமைன்கள்

“வாங்கிப் போட்டு வைங்க, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். என்னைக்காவது ஒருநாள் நல்ல விலைக்குப் போகும்.” நெல்லைச் சீமையில் டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர் பற்றி யார் பேச்சை எடுத்தாலும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. கங்கைகொண்டான் பக்கமும் நாற்கரச் சாலை ஓரமும் நாலு சென்ட் வாங்கிப் போட்டவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. அந்தக் கணக்கை அப்படியே டொமைனுக்கும் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கருத்தோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போனதில்லை. மனையென்றால் நாலு மூலையிலும் கல்லை நட்டுவிட்டு இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்க்கலாம். டொமைனுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். ஒரு வருஷம் தவறினால் பத்திரம், பட்டா எல்லாம் சேர்ந்து போய்விடும். கையில் ஐம்பது, நூறு, இருநூறு பெயர் வைத்துக்கொண்டு ‘ஒன்றும் விற்கவில்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு, பெயர் சரியில்லை என்பதைவிடப் பெரிய சிக்கல் இந்த ‘கிடக்கட்டும்’தான். பெயர்களை வைத்திருப்பதையே ஒரு வேலையாகச் செய்தால், இருக்கிற பெயர்களிலேயே வருமானத்தைக் கூட்ட முடியும்.

கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். டாட் காம் பெயர்களை நடத்தும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயர் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ரார் நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விலை 2021 ஆகஸ்ட் வரை 7.85 டாலராக இருந்தது. ஆண்டுக்கு ஒன்றாக நாலு முறை ஏற்றி 2024 செப்டம்பர் 1 முதல் 10.26 டாலர் ஆக்கிவிட்டார்கள். அதன்மேல் ரெஜிஸ்ட்ராரின் லாபம், டாலர் ரேட், ஜிஎஸ்டி. முதல் வருஷம் சலுகை விலையில் நூறு, இருநூறு ரூபாய்க்கு வாங்கிய பெயருக்கு இரண்டாம் வருஷம் ஆயிரம் கேட்கும்போதுதான் பலருக்கு உறைக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருநூறு டாட் காம், ஒன்றுக்கு ரெனியூவல் 1,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,20,000 ரூபாய். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாக எதிர்பார்ப்பது, நூறு பெயரில் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்று. குறைந்த பக்கத்தையே எடுத்துக்கொண்டால் இருநூறில் இரண்டு. அந்த இரண்டும் கையில் தலைக்கு 1,10,000 ரூபாய் கொடுத்தால்தான் முதலுக்கு மோசமில்லை. பெயரை விற்றுத் தரும் இணையச் சந்தைக்கு 15 விழுக்காடு கமிஷன் போகிறது என்றால் கேட்க வேண்டிய விலை 1,30,000 பக்கம். நம் இருநூறில் எத்தனை பெயருக்கு ஒருவர் அந்த விலை கொடுப்பார்? பத்து தேறினால் பெரிது. அதே ஆள் நூற்றிருபதைக் கழித்துவிட்டு எண்பதை வைத்திருந்தால் செலவு 88,000. விற்கிற இரண்டும் அந்த நல்ல எண்பதுக்குள்ளேயே இருந்தால், ஒன்றுக்கு 44,000 கிடைத்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் வருமானம். புதிதாக ஒரு பெயர்கூட வாங்காமல், கழித்ததால் மட்டுமே இந்த மாற்றம் நடக்கிறது.

காலாவதிக்கு முந்தைய தொண்ணூறு நாள்

என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. பெயர் வாங்கும் நாளில் எல்லோருக்கும் உற்சாகம், விற்கும் நாளில் எல்லோருக்கும் சந்தோஷம். நடுவே வருஷம் ஒருமுறை வருகிற ரெனியூவல் நாளை மட்டும் கார்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். ஆட்டோ ரெனியூவலை எல்லாப் பெயருக்கும் போட்டு வைப்பது சோம்பேறித்தனத்துக்குக் கட்டும் வரி. ஒவ்வொரு பெயரையும் அது காலாவதியாகத் தொண்ணூறு நாள் இருக்கும்போது ஒருமுறை விசாரணைக்கு எடுக்க வேண்டும். அதற்கு ஒரு எக்செல் தாள் போதும்: பெயர், எந்த ரெஜிஸ்ட்ரார், காலாவதித் தேதி, இதுவரை கட்டிய மொத்தப் பணம், வந்த விசாரிப்புகள், கேட்கும் விலை, அதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்கிற விலை. ‘இதுவரை கட்டிய மொத்தம்’ என்கிற கட்டம்தான் கண்ணைத் திறக்கும்.

விசாரணையில் கேட்க வேண்டியவை இவை. இந்தப் பெயரை வைத்துத் தொழில் நடத்தக்கூடிய, விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கிற மூன்று நிறுவனங்களை இப்போதே பெயர் சொல்ல முடியுமா? கடந்த இரண்டு வருஷத்தில் ஒரு விசாரிப்பாவது வந்ததா? போனில் ஒருமுறை சொன்னால் எதிரே இருப்பவர் எழுத்துப் பிசகாமல் தட்டுவாரா? இதே சொல்லை டாட் இன்னிலோ, முன்னே பின்னே ஒரு சொல் சேர்த்தோ யாராவது தொழில் நடத்துகிறார்களா? நாலில் மூன்றுக்கு ‘இல்லை’ என்றால் அந்தப் பெயரை விட்டுவிடலாம். இரண்டும் இரண்டுமாக நின்றால் இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுக்கலாம்.

முதல் கேள்வி நம் ஊர்ப் பெயர்களுக்கு மிகவும் முக்கியம். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு, உலகப் புகழ் உண்டு, அந்தக் கோரைப் பாயின் நேர்த்தியைப் பற்றிப் பேச யாருக்கும் அலுக்காது. ஆனால் அதை நெய்கிறவர்கள் சில குடும்பங்கள். அவர்களிடம் ஒரு டொமைனுக்கு ஐம்பதாயிரம் கேட்பது நடக்காது, கேட்பது முறையும் ஆகாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் குறியீடு கிடைத்தது. அங்கே தயாரிப்பாளர்கள் நிறைய, பார்சலில் வெளியூர் அனுப்புகிறவர்களும் உண்டு. அதனால் அந்தச் சொல் உள்ள பெயருக்கு வாங்குகிற ஆள் உண்டு. விலை சில ஆயிரங்களில் நிற்கும். குற்றாலம் தங்கும் விடுதி, திருநெல்வேலி கல்யாண மண்டபம், பாளையங்கோட்டை பல் மருத்துவர் என்பவை கேட்க அழகில்லாத பெயர்கள். ஆனால் அந்தத் தொழில்களில் ஒரே ஒரு வாடிக்கையாளர் வந்தாலே பல ஆயிரம் புரள்கிறது, அதனால் பெயருக்குப் பணம் கொடுக்கிற மனமும் இருக்கிறது. பெருமையான பெயருக்கும் பணம் வருகிற பெயருக்கும் உள்ள இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் ஊர்ப்பாசத்தில் ரெனியூ செய்துகொண்டே போனால், தாளில் அந்த மொத்தக் கட்டம் மட்டும்தான் வளரும்.

எழுத்துப் பிசகு நம் ஊர்களுக்கு வாய்த்த தொல்லை. குற்றாலத்தை ஆங்கிலத்தில் அரசுப் பலகை ‘கோர்ட்டல்லம்’ என்பதுபோல எழுதும். அறை தேடுகிறவர் ‘குட்ராலம்’ என்றும் ‘குற்றாலம்’ என்றும் ஒலித்தபடி தட்டுவார். திருநெல்வேலிக்கு ‘எச்’ உண்டா இல்லையா என்பதில் அரசு ஒரு பக்கம், தட்டுகிறவர்களில் பாதிப்பேர் மறு பக்கம். இரண்டு எழுத்து வடிவமும் கையில் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக விற்க நினைக்காமல் ஒரே விலையில் சோடியாகக் கொடுக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், மற்றது யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, அவரிடமே முதலில் பேச வேண்டும். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

விடுவது என்று முடிவான பெயரைக் காலாவதியாகும்வரை சும்மா வைத்திருப்பது வீண். விலையை மூன்றில் ஒரு பங்காக இறக்கி, தேடிப் பிடித்த ஏழெட்டுப் பேருக்குத் தனித்தனியாக, நாலு வரியில் எழுதலாம்: பெயர், விலை, எந்தத் தேதி வரை, யாரைத் தொடர்புகொள்வது. நூறு பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் ஸ்பேமில்தான் போய் விழும். இதைக் காலாவதிக்கு முன்பே செய்ய ஒரு காரணம் உண்டு. தேதி தாண்டிய பிறகு பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் சில வாரங்களில் பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள். அந்தப் பணம் பொதுவாக அவர்களுக்குத்தான் போகும். டாட் காமில் ரெஜிஸ்ட்ரார் தரும் அவகாசம் அதிகபட்சம் 45 நாள், அதன்பின் மீட்புக் காலம் 30 நாள், கடைசியில் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. மீட்புக் காலத்தில் திரும்ப எடுக்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டியிருக்கும். எத்தனை நாள் அவகாசம் உண்மையில் தருகிறார்கள் என்பது ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் வேறுபடும், அதனால் தேதிக்கு முன்பே வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

இன்னொரு பக்கம், வைத்துக்கொள்வது என்று முடிவான பெயரே கைநழுவிப் போவதும் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி, கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகைகளுக்கு வாடிக்கையாளர் முன்கூட்டியே ஒப்புதலைப் பதிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார்கள் பலரிடம் நம் கார்டின் ஆட்டோ ரெனியூவல் சத்தமில்லாமல் தோற்றுப்போக இதுதான் காரணம். ‘ஆட்டோ ரெனியூ ஆன்’ என்று திரையில் பச்சையாகத் தெரியும். பணம் மட்டும் போயிருக்காது. ரெஜிஸ்ட்ரார் கணக்கிலேயே முன்கூட்டி டாலர் இருப்பு போட்டு வைப்பதும், முக்கியமான பெயர்களுக்கு ஐந்து வருஷம் சேர்த்துக் கட்டிவிடுவதும்தான் நம்பகமான வழி. டாட் காமையும் டாட் இன்னையும் பத்து வருஷம் வரை சேர்த்துக் கட்டலாம்.

வந்து பார்க்கிறவருக்கு என்ன தெரிகிறது

சும்மா இருக்கும் பெயரில் ஒரு பக்கத்தை நிறுத்தி வைக்கிற பார்க்கிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரம் நிறைந்த பக்கத்தைப் போட்டுவிட்டு கிளிக்குக் காசு எண்ணிய காலம் முடிந்துவிட்டது. 2025-ல் கூகுள், விளம்பரதாரர்களின் கணக்குகளில் பார்க்கிங் பக்கங்களைத் தானாகவே விலக்கி வைத்துவிட்டது. ஆட்கள் வந்துபோகிற பெயருக்கே இப்போது தேநீர்ச் செலவுக்குத்தான் தேறும். அந்தப் பக்கத்தின் உண்மையான வேலை, ‘இந்தப் பெயர் விற்பனைக்கு, இன்ன விலை’ என்று சொல்வதுதான்.

இது முன்னைவிட இப்போது முக்கியம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபிறகு டாட் காம் பெயர்களின் பொதுப் பதிவுகளில் உரிமையாளரின் மெயில் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. முன்பெல்லாம் வாங்க நினைப்பவர் பதிவைப் பார்த்து மெயில் போடுவார். இப்போது பெயரைத் தட்டிப் பார்ப்பதுதான் அவருக்கு எளிய வழி. தட்டினால் வெள்ளைத் திரை, அல்லது பாதுகாப்பில்லை என்ற சிவப்பு எச்சரிக்கை. வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடும் வெறும் பழைய ஃபார்வர்டிங்கில் விட்ட பெயர்களில் இந்த எச்சரிக்கை அடிக்கடி வரும். பிரவுசர் முதலில் பாதுகாப்பான இணைப்பைத் தேடுகிறது, அந்தப் பக்கத்தில் அதற்கான சான்றிதழ் இல்லை. கையில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் மொபைலில், வைஃபை இல்லாமல், முன்னொட்டு மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். எத்தனை பக்கம் செத்துக் கிடக்கிறது என்று தெரியும்.

செடோ, ஆஃப்டர்னிக் போன்ற டொமைன் சந்தைகளின் நேம்சர்வரை (பெயரைத் தட்டினால் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பை) ரெஜிஸ்ட்ரார் கணக்கில் போட்டால் சான்றிதழ், பக்கம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சிலரிடம் கமிஷனும் குறையும். விலையைக் குறிப்பிட்டு அங்கே பட்டியலிட்டால், வேறு ரெஜிஸ்ட்ரார்களின் தேடலிலும் நம் பெயர் விலையோடு தெரியும். முன்பின் தெரியாதவர் நள்ளிரவில் கார்டைத் தேய்த்து வாங்குவது இந்த வழியில்தான். அதனால் இரண்டு மூன்று லட்சத்துக்குக் கீழே உள்ள பெயர்களுக்கு ‘விலை கேளுங்கள்’ என்று போடுவதைவிடத் துல்லியமான விலையைப் போடுவதே நல்லது. ஒரே பெயருக்கு ஒரு சந்தையில் ஒரு விலையும் இன்னொன்றில் வேறு விலையும் விட்டுவைக்கக் கூடாது. குறைந்ததில் வாங்கிவிடுவார்கள், பிறகு மறுக்க முடியாது.

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்து ஆள்தான் வாங்கக்கூடும் என்கிற பெயர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு ஒத்துவராது. ஆங்கிலப் படிவத்தை நிரப்பி, டாலரில் விலை பார்த்து, கார்டில் கட்டுகிற வழக்கம் விடுதி நடத்துகிற அண்ணாச்சிக்குக் கிடையாது. அவருக்குத் தமிழில் இரண்டு வரி, ரூபாயில் விலை, தொட்டால் வாட்ஸ்அப் திறக்கிற ஒரு பொத்தான். இதற்கு ஒரே ஒரு சிறிய பக்கத்தை எழுதி எல்லா உள்ளூர்ப் பெயர்களையும் அதற்குத் திருப்பினால் போதும். கூடவே, மெயிலுக்குப் பயன்படாத பெயர்களின் எஸ்பிஎஃப் பதிவில் (அந்தப் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) ‘யாருக்கும் அனுமதியில்லை’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எவனோ அந்தப் பெயரில் மோசடி மெயில் அனுப்பி, வாங்குகிறவருக்குக் கெட்ட பெயரையும் சேர்த்து விற்பதாகிவிடும்.

மெயிலில் ஒருவர் பெரிய தொகை சொல்லி, ‘மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் இந்தத் தளத்தில் வாங்கி அனுப்புங்கள்’ என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தத் தளமும் அவருடையதுதான். சான்றிதழுக்குக் கட்டிய பணத்தோடு ஆள் மறைந்துவிடுவார்.

அடுத்தவர் பெயர்

வருமானத்தைக் கூட்டுவது என்றாலே பிரபலமான கடை, நிறுவனம் ஆகியவற்றின் பெயரைப் பதிந்து வைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கு வணிகச் சின்னத்தைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. டாட் காமுக்கு 1999 முதல் யுடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று தனித்தனி விசாரணை முறை இருக்கிறது. சின்னத்தின் சொந்தக்காரரிடமே விலை பேசினோம் என்பது அங்கே நமக்கு எதிரான சாட்சி. ‘அல்வா’ என்பது எல்லோருக்கும் பொதுவான சொல். ‘இருட்டுக்கடை’ ஒரு கடையின் அடையாளம். சட்டத்தை விடுங்கள். பள்ளிக்கூடமோ சிறு கடையோ ரெனியூ செய்ய மறந்த பெயரைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது பிழைப்பு ஆகாது. அப்படி ஒரு பெயர் கைக்கு வந்தால் கட்டிய காசை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பதுதான் முறை. நாலு பேர் நம்பி டொமைன் வாங்குகிற ஊராக நம் ஊர் இருக்க வேண்டாமா?

குத்தகை

உள்ளூர்ப் பெயர்களில் விற்பனையைவிடக் குத்தகையில் வருமானம் ஒழுங்காக வரும் என்பது என் உறுதியான எண்ணம். “வெறும் பேருக்கா வே இம்புட்டு துட்டு?” என்று கேட்கிற அண்ணாச்சியிடம் அறுபதாயிரம் கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மாதம் 1,500 என்றால் உட்கார்ந்து பேசுவார். குற்றாலத்தில் அறை வாடகை 2,500 ரூபாய், இணைய ஏஜென்சிக்கு அதில் 20 விழுக்காடு போகிறது என்று வைத்தால் ஓர் அறைக்கு 500 ரூபாய் அவருக்கு நஷ்டம். நம் பெயர் வழியாக மாதம் மூன்று பேர் நேரடியாக வந்தாலே குத்தகைப் பணம் வந்துவிட்டது. இந்தக் கணக்கை அவர் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். வேறு எந்தப் பேச்சும் அவ்வளவு எடுபடாது.

பேச வேண்டிய காலம் ஏப்ரல், மே. சாரல் விழுந்து ஜூனில் சீசன் தொடங்கிவிட்டால் அவருக்குப் போன் எடுக்கவே நேரம் இருக்காது. அதற்கு முன்பே பெயரில் ஒரு சிறிய பக்கத்தை நாமே ஓட்டி வைப்பது இன்னும் நல்லது. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி: இன்று எதில் தண்ணீர் விழுகிறது, எதில் குளிக்கத் தடை. சீசனில் வண்டி ஏறுகிறவர்கள் தேடுவது இதைத்தான். தினமும் காலையில் நாலு வரி மாற்றினால் போதும், ஆட்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 முதல் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் உண்டு என்றாலும் அந்த வருமானம் கொஞ்சம்தான். அண்ணாச்சியிடம் காட்ட வந்துபோனவர்களின் எண்ணிக்கை கையில் இருக்கிறதே, அதற்குத்தான் இந்த உழைப்பு. ஐயப்ப சீசனில் அதே பக்கம் மறுபடி உயிர்பெறும்.

குத்தகை எங்கே கெடுகிறது என்றால், மூன்றாம் மாதம் பணம் நின்றுபோவதில். அதற்குள் அவர் அந்தப் பெயரைப் போர்டிலும் ரசீதுப் புத்தகத்திலும் அச்சடித்திருப்பார். நாம் நிறுத்தினால் அவருடைய மெயிலும் சேர்ந்து நிற்கும், சண்டை வரும். ஆகவே மாதாமாதம் வாங்காமல் ஆறு மாதத்துக்கு முன்பணமாக வாங்க வேண்டும். கடை வாடகைக்குப் போடுவதுபோலப் பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி, தவணை தவறினால் எத்தனை நாள் பொறுப்போம், மெயிலைக் கடைசியாக எப்போது நிறுத்துவோம் என்பதை அதிலேயே சொல்லிவிட வேண்டும். ரெஜிஸ்ட்ரார் கணக்கின் பாஸ்வேர்டை அவரிடமோ அவருடைய வெப்சைட் செய்கிற பையனிடமோ கொடுக்கக் கூடாது; தளமும் மெயிலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளை அவர்கள் சொல்லச் சொல்ல நாமே மாற்றிக் கொடுக்கலாம். அந்தத் தளத்தில் என்ன நடக்கிறது என்று மாதம் ஒருமுறை பார்ப்பதும் நம் பொறுப்பு. பதிவில் இருப்பது நம் பெயர், அதில் மோசடி நடந்தால் சைபர் கிரைமிலிருந்து முதல் போன் நமக்குத்தான் வரும்.

ஒப்பந்தத்தில் வாங்கும் உரிமையையும் எழுதி வைத்தால் இருவருக்கும் நிம்மதி: விலை 60,000, கட்டிய குத்தகையில் பாதி அதில் கழியும். இப்படிப் போனால் இரண்டாம் மூன்றாம் வருஷத்தில் அவரே மீதியைக் கட்டி வாங்கிக்கொள்வார். பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். பெரிய பெயராக இருந்து தொகை இரண்டு லட்சத்தைத் தொட்டால் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. அவருக்கும் அதே ரெஜிஸ்ட்ராரிடம் ஒரு கணக்குத் தொடங்கச் சொல்லி, பணம் ஏறியதைப் பார்த்தபின் பெயரை அந்தக் கணக்குக்குத் தள்ளிவிட்டால் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினால் சில நாள் ஆகும், புதிதாகப் பதிந்ததோ சமீபத்தில் மாற்றியதோ என்றால் 60 நாள் பூட்டும் இருக்கும். கணக்கில் அவருடைய சொந்த மெயிலும் போன் நம்பரும்தான் இருக்கின்றனவா என்று கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஐந்து வருஷத்துக்கான ரெனியூவலை அன்றைக்கே அவர் கையால் கட்டவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.